மண்டிக் கணக்கை டெஸ்க்டாப்பிலிருந்து வெப்புக்குக் கொண்டுபோகும்போது

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்து வருடமாக விபி டாட் நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் மொழியில் தக்காளி மண்டிகளுக்கும் உரக்கடைகளுக்கும் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துவருகிறாராம். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காரர், "எனக்கு வெப்ல பண்ணிக் குடுங்க, பெங்களூர்ல இருந்தாலும் போன்லயே கணக்குப் பார்க்கணும்" என்கிறாராம். "இருக்கிற முப்பது ஃபார்ம்களையும் (கணக்கு அடிக்கும் திரைகளையும்) அப்படியே பிரவுசரில் வரைந்துவிட்டால் போதாதா? டிசைனில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? எந்த மொழியில் தொடங்கலாம்?" இதுதான் கேள்வி.

போதாது. நானும் ஒருகாலத்தில் போதும் என்றுதான் நினைத்தேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ல் விபியின் பழைய பதிப்பான விபி6-ஐயும் ஆக்சஸ் டேட்டாபேஸையும் வைத்து முதல் மண்டி சாஃப்ட்வேரை எழுதினேன். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜிமெயில் வந்தது. ஒரு பிரவுசர் பக்கம் இவ்வளவு வேகமாக, பக்கம் மாறாமலேயே வேலை செய்யுமா என்று வாயைப் பிளந்தேனே தவிர, அதற்குப் பின்னால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று யோசிக்கவில்லை. பல வருடம் கழித்து என் சாஃப்ட்வேரை வெப்புக்கு மாற்றியபோது, ஃபார்ம்களை ஒன்று விடாமல் அப்படியே வரைந்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. சீசன் தொடங்கிப் பத்து நாளில் மண்டிக்காரரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் உங்கள் நிரல், தரவு, பிரிண்டர், பில் போடுகிறவர் எல்லாம் ஒரே அறையில் இருக்கிறார்கள். அந்தக் கணினி கிட்டத்தட்ட உங்களுடையது. வெப்பில் நடுவே ஒரு நீளக் கம்பி வந்துவிடுகிறது. அந்தக் கம்பி அறுபடும், தாமதிக்கும். மறுமுனையில் இருப்பது யார், என்ன கருவி, என்ன பிரவுசர் என்று உங்களுக்குத் தெரியாது. திரையில் தெரிகிற வித்தியாசங்களைவிட இந்தக் கம்பியால் வருகிற வித்தியாசங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் மறதியைச் சொல்கிறேன். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெப்பை முன்மொழிந்தபோது அவர் மனதில் இருந்தது ஆராய்ச்சி ஆவணங்களைப் பகிர்வது. ஓர் ஆவணம் கேட்டால் கொடு, அத்தோடு மறந்துவிடு. பிரவுசரும், தொலைவில் இருக்கும் சர்வர் கணினியும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபி அப்படித்தான் அமைந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் உங்களை மறந்துவிடுகிற கணக்குப்பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "காவேரிப்பட்டணத்து லோடு, பெங்களூரா மாங்காய், 40 கிரேட்" என்கிறீர்கள், எழுதிக்கொள்கிறார். "கூலியைக் கழிச்சுக்குங்க" என்றால், "யாருங்க நீங்க?" என்கிறார். இதைச் சமாளிக்கத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். கையில் ஒரு டோக்கன் கொடுத்து, ஒவ்வொரு முறையும் காட்டச் சொல்வது. அவ்வளவுதான். இன்றைக்கும் லாகின் என்பது பெரும்பாலும் இந்த டோக்கன் ஏற்பாடுதான்.

விபி ஃபார்மில் நீங்கள் ஒரு மாறியில் மொத்தத்தை வைத்தால், ஃபார்மை மூடும்வரை அது அங்கேயே இருக்கும். வெப்பில் "பாதி போட்ட பில் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு நீங்களே பதில் முடிவு செய்தாக வேண்டும். பிரவுசரில் வைக்கலாம், சர்வரின் செஷனில் (லாகின் செய்தவருக்காக சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவில்) வைக்கலாம், டேட்டாபேஸில் வைக்கலாம். நான் செஷனில் வைத்தேன். மைக்ரோசாஃப்டின் வெப் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட்டில் செஷன் சும்மா கிடந்தால் 20 நிமிடத்தில் காலாவதியாகும், அதுதான் இயல்புநிலை அமைப்பு. மண்டியில் நடந்தது என்னவென்றால், பாதி பில்லில் லாரி வந்துவிடும். இறக்கி, தரம் பிரித்து, எடை போட அரை மணி நேரம் ஆகும். திரும்பி வந்து மிச்சத்தை அடித்து சேவ் கொடுத்தால் லாகின் பக்கம் வந்து நிற்கும். 35 வரி காலி. டெஸ்க்டாப்பில் காலையில் ஒருமுறை லாகின் செய்தால் ராத்திரி வரை கேள்வியே இல்லை என்று பழகிய ஆளுக்கு இது எப்படி இருக்கும்? இப்போது நான் செய்வது: ஒவ்வொரு வரி அடித்ததும் வரைவாக டேட்டாபேஸில் ஏற்றிவிடுவது. பில் எண் கடைசியில்தான். கரண்ட் போனாலும் வேறு கணினியில் உட்கார்ந்து அதே இடத்திலிருந்து தொடரலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, இரட்டைப் பதிவு. டெஸ்க்டாப்பில் சேவ் பட்டனை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வெப்பில் மூன்று விநாடி ஆனால் பில் போடுகிறவர் இன்னொரு முறை அழுத்துவார். அவர் மேல் தப்பில்லை. இரண்டு கோரிக்கையும் சர்வருக்குப் போய், ஒரே விவசாயிக்கு இரண்டு முறை வரவு ஏறும். அழுத்தியதும் பட்டனை முடக்கி வைப்பது அரை மருந்து. பில் திறக்கும்போதே ஒரு தனி எண்ணை உருவாக்கி அதோடு அனுப்புங்கள். அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல், முதலில் எழுதியதையே பதிலாகக் கொடுக்க வேண்டும். சேவ் முடிந்ததும் பயனரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரீஃப்ரெஷ் செய்யும்போதும் இதே கூத்து நடக்கும்.

நேரக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சீசனில் மண்டி விடியற்காலை நான்கு மணிக்கே சூடு பிடித்துவிடும். வாடகை சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது காலை 5.30-க்கு முன் போட்ட ஒவ்வொரு பில்லும் முந்தைய நாள் தேதியில் விழும். பகலில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. நான் பகலில்தான் சோதித்தேன். மூன்று நாள் கணக்கு முட்டி மோதிய பிறகு கண்டுபிடித்தேன். பழைய டெஸ்க்டாப்பிலும் தேதி ஒழுங்காக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினியில் 2002-ஆம் ஆண்டு தேதியோடு பில் வந்த கதையெல்லாம் உண்டு. ஆனால் அது ஒரு கடையின் சிக்கல். இது எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் வருகிற சிக்கல்.

வேகம். சன் கணினி நிறுவனத்தில் இருந்த பீட்டர் டாய்ச் 1994-ல், நெட்வொர்க்கில் நிரல் எழுதுகிறவர்கள் தங்களை அறியாமல் நம்பிவிடும் பொய்களைப் பட்டியலிட்டார். நெட்வொர்க் எப்போதும் வேலை செய்யும், தாமதமே இருக்காது என்பவைதான் முதல் இரண்டு. டெஸ்க்டாப்காரர்கள் நாம் இந்த இரண்டையும் சேர்த்தே நம்பி வளர்ந்தவர்கள். கிரிடில் (கட்டம் கட்டமான அட்டவணையில்) ஒரு கட்டத்தை விட்டு நகர்ந்ததும் விவசாயி பெயர், பழைய பாக்கி, அட்வான்ஸ் என்று மூன்று முறை டேட்டாபேஸைக் கேட்போம். பக்கத்து அறை சர்வருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி போவது விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சர்வர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மும்பையில் இருந்தால், போய்வர மட்டும் குறைந்தது 10 மில்லி விநாடி. அது ஏட்டுக் கணக்கு. மொபைல் சிக்னலில் அது பல மடங்காகும். அஞ்செட்டி மலைப்பக்கம் போனால் விநாடிக் கணக்காகும். ஆகவே ஒரு திரைக்கு வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்து வாருங்கள். விவசாயிகள் பெயர்ப் பட்டியல், ரகங்கள், கூலி விகிதம் போல அடிக்கடி மாறாதவற்றைக் காலையிலேயே பிரவுசரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் மனிதருக்கு உடனே நடந்த மாதிரி இருக்கும், ஒரு விநாடியைத் தாண்டினால் யோசனையின் ஓட்டம் தடைபடும் என்று திரை வடிவமைப்பு நிபுணர் யாகோப் நீல்சன் 1993-லேயே எழுதி வைத்திருக்கிறார். மண்டியில் பில் போடுகிறவருக்கு ஓட்டம் தடைபட்டால் வாயும் சேர்ந்து திறந்துவிடும்.

அப்புறம் நம்பிக்கை விஷயம். டெஸ்க்டாப்பில் டெக்ஸ்ட்பாக்ஸில் எண் மட்டும்தான் அடிக்கலாம் என்று பூட்டினால் கிட்டத்தட்ட பூட்டினதுதான். வெப்பில் பிரவுசரில் நீங்கள் செய்யும் சரிபார்ப்பு எல்லாம் பயனருக்கான மரியாதை மட்டுமே. காவல் சர்வரில்தான் நிற்க வேண்டும். கமிஷன் விகிதத்தைப் பக்கத்தில் மறைத்து வைத்து அனுப்பி, அது அப்படியே திரும்பி வரும் என்று நம்பினால், கொஞ்சம் விவரம் தெரிந்த பையன் அதை மாற்றி அனுப்புவான். முகவரியில் பில் எண் 1042 என்று இருந்தால், 1043 என்று மாற்றிப் பார்க்காத மனிதர் உலகத்தில் இல்லை. அடுத்த விவசாயியின் வரவு செலவு அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. லாகின் செய்திருக்கிறாரா என்பதோடு நிறுத்தாமல், இந்தப் பில் இவருடையதா என்றும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியத்தை, பயனர் அடித்த எழுத்துகளை அப்படியே ஒட்டி ஒட்டிக் கட்டுகிற பழைய பழக்கம் உங்களிடம் இருந்தால் (என்னிடம் இருந்தது) இன்றே விட்டுவிடுங்கள். கடைக்குள் அது சோம்பல், இணையத்தில் அது திறந்து போட்ட கல்லாப்பெட்டி.

இனி உண்மையிலேயே வலிக்கும் இடம்: கீபோர்டு, பிரிண்டர், எடைமேடை. மண்டிக் கணக்குப்பிள்ளை மௌஸைத் தொடமாட்டார். என்டர் அடித்தால் அடுத்த கட்டம், எஃப்2-க்கு விவசாயி பட்டியல், எஃப்5-க்கு சேவ் என்று அவர் விரலுக்கே மனப்பாடம். பிரவுசரில் என்டர் அடித்தால் பாதி ஃபார்ம் அப்படியே சர்வருக்குப் போய்விடும், எஃப்5 அடித்தால் பக்கம் மறுபடி ஏறும், கன்ட்ரோல் டபிள்யூ அடித்தால் டேபே மூடிக்கொள்ளும். சிலவற்றை ஜாவாஸ்கிரிப்டில் பிடித்து நிறுத்தலாம், சிலவற்றைப் பிரவுசர் உங்களுக்கு விட்டுத்தராது. ஒருகாலத்தில் பேக்ஸ்பேஸ் அடித்தாலே முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். 2016-ல்தான் குரோம் அதை எடுத்தது. அதற்குள் எத்தனை பில் போயிருக்கும்! பிரவுசர் என்பது உங்கள் நிரல் வாடகைக்கு இருக்கும் வீடு. ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் எழுத்துகளை நேராக போர்ட்டுக்கு அனுப்பினால் சரசரவென்று அடித்துத் தள்ளும். பிரவுசரிலிருந்து அச்சிட்டால் முதலில் ஒரு பெட்டி வந்து சரியா என்று கேட்கும், பிறகு பக்கத்தைப் படமாக மாற்றி மெதுவாக அடிக்கும். வரிசையில் பதினைந்து பேர் நிற்கும்போது ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் என்றால் நடக்கிற காரியமா? குரோமை கியோஸ்க் பிரிண்டிங் என்ற அமைப்போடு தொடங்கினால் பெட்டி வராது. ஆனால் வேகச் சிக்கல் தீராது. நான் கடைசியில் கடைக் கணினியில் ஒரு சின்ன டெஸ்க்டாப் நிரலை ஓடவிட்டேன். பிரவுசர் அதனிடம் கொடுக்கும், அது பிரிண்டரிடம் கொடுக்கும். எடைமேடையும் அப்படித்தான். அது சீரியல் கேபிளில் வரும். குரோமில் 2021 முதல் சீரியல் போர்ட்டைப் படிக்க வசதி இருக்கிறது, ஆனால் எல்லா பிரவுசரிலும் இல்லை, பயனர் அனுமதியும் கொடுக்க வேண்டும். வெப்புக்கு மாற்றுகிறோம் என்று கிளம்பி, கடைசியில் ஒரு டெஸ்க்டாப் நிரலையும் சேர்த்துப் பராமரிக்கிறீர்கள். இதை மண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்டர்நெட் போனால்? போகும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்டெக்ஸ்டு டிபி என்ற சேமிப்பிடத்தில் எழுதி வைத்து, லைன் வந்ததும் அனுப்பலாம். முடியும், ஆனால் கஷ்டமான வேலை. பெரிய தலைவலி பில் எண். இரண்டு கவுன்டரும் இணைப்பு இல்லாமல் இருந்தால் அடுத்த எண் யாருக்கு? கவுன்டருக்கு ஒரு வரிசை கொடுத்துவிடுங்கள், ஏ-1, பி-1 என்று. ஜிஎஸ்டி விதிகளே ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையை அனுமதிக்கின்றன. எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். வெப்பின் நல்லதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பென்டிரைவை ஜேபியில் போட்டுக்கொண்டு தர்மபுரி, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று கடை கடையாகப் பஸ் ஏறினேன். பர்கூரில் ஒரே தெருவில் நான்கு ஜவுளிக்கடையில் நான்கு வெவ்வேறு பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒன்று நானே மறந்துபோன பதிப்பு. 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மாறியபோது, வெப்பில் இருந்த கடைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஒரே இடத்தில் மாற்றினேன், படுத்துத் தூங்கினேன். ஆனால் அதே வசதிதான் கத்தியும். தப்பான பதிப்பை ஏற்றினால் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கவிழும். பழைய பதிப்புக்கு இரண்டு நிமிடத்தில் திரும்ப வழி வைக்காமல் எதையும் ஏற்றாதீர்கள். சீசனில் காலையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நேற்றுத் திறந்த டேபை மூடாமல் வைத்திருப்பவரிடம் பழைய ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு நல்லது, முகவரி. டெஸ்க்டாப்பில் "ரிப்போர்ட்ஸ் போங்க, மூணாவது மெனு, தேதியை மாத்துங்க" என்று போனில் கத்துவோம். வெப்பில் அந்தக் கணக்கின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது. அதனால் ஒவ்வொரு பில்லுக்கும், ஒவ்வொரு விவசாயியின் கணக்குக்கும் தனி முகவரி இருக்கும்படி அமையுங்கள். எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குள் திணித்து, டெஸ்க்டாப் மாதிரியே செய்துவிட்டால் இந்த லாபம் போய்விடும், பேக் பட்டனும் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும்.

பழைய டேட்டாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விபி6 காலத்துப் பெயர்கள் பாமினி மாதிரி எழுத்துருவில் கிடக்கும். கடைக் கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியிருந்ததால் தமிழாகத் தெரிந்தது. பிரவுசரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010-ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் வேலையாக எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, ஊர்ப்பெயர்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். மாற்றித்தரும் கருவிகள் கொம்பிலும் ஒற்றிலும் அவ்வப்போது சறுக்கும்.

பணம்: டெஸ்க்டாப்பை ஒருமுறை வாங்கினால் நம்முடையது என்பது மண்டிக்காரர் கணக்கு. சர்வருக்கு மாதாமாதம் வாடகை. மாங்காய் நான்கு மாதம், வாடகை பன்னிரண்டு மாதம். இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

இந்த மண்டிக்கு நான் என்ன செய்வேன்? விபியின் தந்தை என்று சொல்லப்படும் ஆலன் கூப்பர், நாள் முழுக்கத் திரையைத் தன் கையில் வைத்திருக்கும் நிரலையும், எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நிரலையும் வேறு வேறாக வடிவமைக்க வேண்டும் என்பார். மண்டியில் இரண்டும் இருக்கிறது. கவுன்டரில் பில் போடுவது முதல் வகை. அது டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும், உங்கள் பழைய நிரலையே சீர்செய்து, உள்ளூர் டேட்டாபேஸோடு ஓடவிடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை அது மேலே சர்வருக்குப் பில்களை அனுப்பட்டும். முதலாளி பெங்களூரிலிருந்து பார்ப்பதும், விவசாயி தன் வரவைப் போனில் பார்ப்பதும் இரண்டாவது வகை. அது மட்டும் வெப். முப்பது ஃபார்மில் வெப்புக்குப் போக வேண்டியது ஆறோ ஏழோதான் இருக்கும். அவற்றையும் அப்படியே வரையாதீர்கள். பதினைந்து நெடுவரிசை கிரிடைப் போனில் யாரும் பார்க்க மாட்டார்கள். இன்று வந்த லோடு, கொடுக்க வேண்டிய பாக்கி, வர வேண்டிய பாக்கி, இந்த மூன்று எண்ணும் திறந்ததும் பெரிதாகத் தெரிந்தால் முதலாளிக்குப் போதும். மண்டிக்காரர் "எல்லாமே வெப்ல வேணும்" என்று அடம்பிடித்தால், சீசனில் ஒருநாள் அவர் கடை மோடத்தின் ஒயரைக் காலை ஆறு மணிக்குப் பிடுங்கிக் காட்டுங்கள்.

மொழி பற்றி. மைக்ரோசாஃப்ட் புது ஏஎஸ்பி டாட் நெட் கோரில் விபி-க்கு இடம் வைக்கவில்லை, ஆகவே சி ஷார்ப் மொழிக்கு மாறித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு அது ஒரு மாத வேலை, பின்னால் இருக்கும் நூலகங்கள் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். பக்கத்தை சர்வரிலேயே உருவாக்கி அனுப்பும் முறையில் தொடங்குங்கள். பிரவுசரிலேயே திரையை உருவாக்கும் ரியாக்ட் நூலகம் வேண்டுமா என்பதை, அந்த ஆறு பக்கமும் ஒரு சீசன் ஓடிய பிறகு யோசிக்கலாம்.